துறைமுக வாசலில் அணைந்த போன்

"கடைசியா எங்கன இருந்து பேசினாவ?"

கிருஷ்ணப்ரியாவுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. மாடிப்படி செங்குத்து, வயிற்றில் ஏழு மாதம். கீழே கடலைமிட்டாய்க் கடையில் பாகு காயும் மணம் வேறு மேலே ஏறி வந்து குமட்டியது. செண்பகவல்லி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"தூத்துக்குடி துறைமுக வாசல்ல இருந்துக்கா. 'கப்பல்ல இருந்து வாசல் வரைக்கும் பஸ்ஸுல கொண்டாந்து விட்டுட்டாங்க, டாக்ஸி பேசியாச்சு, மத்தியானச் சோறு உன்கூடத்தான்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாவ. அதோட போன் அணைஞ்சு போச்சு. மத்தியானமும் ஆயாச்சு, ஆளக் காணோம்."

"உலகத்தையே சுத்தி வந்த மனுசன், தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல காணாமப் போறதுன்னா அதுக்குத் தனித் தெறம வேணும்" என்றான் ஜன்னலோரம் சாய்ந்து நின்ற லிங்கராஜ்.

"ஏலே லிங்கம், வாய மூடுதியா? போய் வண்டிய எடு."

கோவில்பட்டியில் செண்பகவல்லியைத் தெரியாதவர்கள் குறைவு. தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி வீட்டு மூத்த மகள். கம்பெனியைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்த மாடியைப் பிடித்து 'செண்பகவல்லி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியவள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகளின் வண்டவாளத்தை விசாரித்துச் சொல்வதுதான் பாதித் தொழில். அதனால் ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வண்டி ஓட்ட, ஆள் விசாரிக்க, நேரங்காலம் பார்க்காமல் நக்கலடிக்க லிங்கராஜ்.

கிருஷ்ணப்ரியாவின் புருஷன் மாதவன் சுற்றுலாக் கப்பலில் சமையல்காரன். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் சொன்ன வாரமே கப்பலேறியவன். அந்தக் கப்பல் இன்றைக்கு ஒருநாள் தூத்துக்குடியைத் தொடுகிறது. அவனுக்குக் கிடைத்ததே ஒரு பகல்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் திரும்ப ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் வேலை போகும், ஓடிப்போனவன் என்ற பெயரும் சேர்ந்து இனி எந்தக் கப்பலும் ஏற்றாது. ஏறிவிட்டாலோ, பிள்ளை பிறந்து தவழும்போதுதான் அடுத்த லீவு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கப்பல் கிளம்புமுன் அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

"போலீசுக்குப் போனியா?"

"அத்தை விடலக்கா. 'வருவான், நீ சாப்பிட்டுப் படு'ன்னு சொல்லுதாவ. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"உங்க அத்தை இப்ப என்ன செய்யுதாவ?"

"நான் கிளம்பும்போது ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தாவ."

வாயருகே கொண்டுபோன கடலைமிட்டாயைச் செண்பகவல்லி மறுபடி தட்டில் வைத்தாள்.

"உங்க அம்மா வீட்டுல சொன்னியா?"

"அம்மா போன எடுக்கல. காட்டுல நிப்பாவ போல. அப்பாவுக்கு நான் போடல. நெஞ்சுவலி வந்த ஆளு, மருமகனக் காணோம்னா பதறிருவாவ."

"சரி. நீ வீட்டுக்குப் போ. நாங்க துறைமுகத்துக்குப் போயி அந்த டாக்ஸிக்காரனப் பிடிக்கோம்."

"நானும் வாரேன்."

"இந்த ரோட்டுலயா? இந்த வயித்தோடயா?"

"வீட்டுல உக்காந்திருந்தா நான் செத்துருவேன்க்கா!" என்று கத்தியேவிட்டாள் கிருஷ்ணப்ரியா. அடுத்த நிமிடம் வெட்கமாகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

லிங்கராஜின் ஆம்னி வழியெல்லாம் உதறியது. "எண்பதுக்கு மேல போனா கதவு மட்டும் தனியா முன்னால போயிரும். நாம பின்னாலயே போயி எடுத்துக்கிடலாம்" என்று அவன் சமாதானம் சொன்னான். கிருஷ்ணப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டது எதுவெல்லாம் உண்டோ அத்தனையும் மனசுக்குள் ஓடியது. லாரி மோதியிருக்குமோ, டாக்ஸிக்காரன் அடித்துப் போட்டிருப்பானோ, வேறு எவளாவது இருப்பாளோ. கடைசி நினைப்பு வந்ததும் தன்னையே திட்டிக்கொண்டாள். எவளோடாவது இருந்தாலும் சரி, உயிரோடு இருக்கட்டும் என்று அடுத்த நொடியே வேண்டிக்கொண்டாள்.

துறைமுக வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே கப்பலடியிலிருந்து வாசல்வரை ஒருத்தரும் நடக்கக் கூடாது. பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். வாசலைத் தாண்டிய மறுகணம் டாக்ஸிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரை மூன்று பேர் மூன்று ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இம்புட்டுப் பெரிய கப்பல கரையில கட்டத் தெரிஞ்சவனுக்கு, இங்கன ஒரு டவுன் பஸ் விடத் தெரியலயே" என்று முணுமுணுத்தபடி லிங்கராஜ் கூட்டத்துக்குள் புகுந்தான். போன சுருக்கில் திரும்பி வந்தான். "காலையில கோவில்பட்டி கேட்டு ஏறினது ஒரே ஆளுதானாம். வெள்ளைச் சட்டை, கப்பல் சமையல்காரர். ஏத்திட்டுப் போனது இசக்கி. அந்தா, இப்பத்தான் வந்து நிக்கானாம்."

வேப்பமரத்தடியில் வெள்ளைக் காரின் மேல் ஈரத் துண்டை விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தான் இசக்கி. முப்பது வயதிருக்கும். இவர்கள் வருவதைச் சாதாரணமாகத்தான் பார்த்தான். கிருஷ்ணப்ரியாவின் வயிற்றைப் பார்த்ததும் அவன் கை துண்டிலேயே நின்றுவிட்டது.

"தம்பி, மாதவன்னு ஒருத்தர ஏத்திட்டுப் போனியே, எங்கன எறக்கிவிட்ட?" என்றாள் செண்பகவல்லி.

"கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுலக்கா."

"பொய்!" என்றாள் கிருஷ்ணப்ரியா. "பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க வீடு கூப்பிடு தூரம்!"

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்து டயரைப் பார்த்தாள்.

"லிங்கம், கோவில்பட்டி ரோட்டுல சகதி உண்டாலே?"

"பூரா தார் ரோடுக்கா. கோவில்பட்டியில நேத்து மூஞ்சி கழுவக்கூடப் பெய்யல." அவன் சாவியால் டயர் இடுக்கில் நோண்டினான். கறுப்பு மண் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. "கரிசல். இன்னும் ஈரம் காயல. நேத்து மழை ஊத்தினது புதூர்ப் பக்கம்தான். என்ன இசக்கி, பஸ் ஸ்டாண்டுல நாத்து நட்டியளோ?"

இசக்கி ஈரத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டான்.

"தலை ஈரமா இருக்கே. இங்கன சுத்திவர உப்புத் தண்ணி. எங்கன முங்கின?" என்றாள் செண்பகவல்லி.

"வழியில பம்புசெட்டுலக்கா. வேக்காடு தாங்கல."

"வேக்காடுக்குச் சட்டையோடயா முங்குவாங்க? சட்டையும் ஈரமாவுல்லா இருக்கு."

இசக்கி கார்க் கதவைத் திறக்கப் போனான், லிங்கராஜ் குறுக்கே வந்து நின்றான்.

"சரி, அவர விட்டுட்டுக் கிளம்பும்போது உன்கிட்ட என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நானும் சொல்லிக்கிடாமத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

செண்பகவல்லியின் முகம் மாறியது. "பிரியா, நீ போய் வண்டியில உக்காரு" என்றாள். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேச முடியவில்லை. ஆம்னிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள் கிருஷ்ணப்ரியா. இசக்கி கையெடுத்துக் கும்பிட்டு என்னவோ சொன்னான். செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். லிங்கராஜ் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் வந்து ஏறினார்கள். வண்டி கிளம்பியது.

"எங்கக்கா போறோம்?"

"உன் வீட்டுக்காரர் இருக்கிற இடத்துக்கு. இங்கேருந்து போயி, அவரக் கூட்டிட்டு அஞ்சு மணிக்குள்ள திரும்பணும். லிங்கம், மிதி."

வேறென்ன கேட்டும் செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை. உப்பளம் போயிற்று, ஓட்டப்பிடாரம் போயிற்று. லிங்கராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி குலுங்கினாலும் பேசவில்லை, குறுக்கே மாடு வந்து நின்றபோதும் பேசவில்லை. மாடியில் பார்த்ததிலிருந்து ஓயாத வாய் இப்போது இறுக மூடியிருப்பதைப் பார்க்கப் பார்க்க கிருஷ்ணப்ரியாவுக்குப் பயம் ஏறியது.

"ஏன் அண்ணாச்சி ஒண்ணும் பேச மாட்டேங்கீங்க?"

லிங்கராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். உடனே ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேரே வடக்கே போயிற்று. அப்போதுதான் இசக்கி சொன்னது அவள் மண்டையில் உறைத்தது. சொல்லிக்கிடாமத்தான் வந்தேன். சொல்லிக்கொள்ளாமல் எங்கேயிருந்து வருவார்கள்? துட்டி வீட்டிலிருந்துதான். எழவு விழுந்த வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று எவரும் சொல்வதில்லை. வரும் வழியில் உடுத்திய துணியோடு தலை முழுகாமல் வருவதும் இல்லை.

"அக்கா..." வார்த்தை உடைந்துகொண்டு வந்தது. "அவிய செத்துட்டாவளா? என் தலையில அடிச்சுச் சொல்லுங்கக்கா. அவியள எங்கன போட்டிருக்காங்க?"

"ஐயோ, இல்லம்மா!" செண்பகவல்லி பின் சீட்டுக்குத் திரும்பி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மாதவன் நல்லா இருக்காரு. குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. நீ முதல்ல வந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும். மகனுக்கு ஒண்ணுன்னா எந்தத் தாயும் ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு நிக்க மாட்டா. அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சவதான் 'வருவான்'னு சொல்லுவா."

கிருஷ்ணப்ரியா முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. "தாயே செண்பகவல்லி, தாயே" என்று கோவில்பட்டி அம்மனைக் கூப்பிட்டாளா, முன்னால் இருந்தவளைக் கூப்பிட்டாளா, அவளுக்கே தெரியவில்லை. அவன் இருக்கிறான். அது போதும். கப்பலேறிப் போகட்டும், எங்கேயும் போகட்டும், இருக்கிறான்.

கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தவள் வெளியே பார்த்தாள். இரண்டு பக்கமும் கறுத்த புஞ்சை. தூரத்தில் ஒற்றைப் பனை, அதைத் தாண்டிக் கண்மாய்க் கரை.

"இது எங்க அம்மா ஊருக்குப் போற ரோடுல்லா?"

லிங்கராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"பிரியா" என்றாள் செண்பகவல்லி, மெல்ல. "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. நீ வேண்டாம்னு சொன்னா, இப்பவே உன்னைய கோவில்பட்டியில கொண்டுபோய் விட்டுருதேன். மாதவன நான் கப்பல்ல ஏத்திவிட்டுருதேன். உன் வயித்துப் பிள்ளைக்காக அவிய எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்திருக்காங்க. ஆனா என்கிட்ட வந்தவ நீ. அதனால உன்கிட்டயே கேக்கேன்."

"என்ன முடிவு? அவியளுக்கு ஒண்ணுமில்லன்னா, அப்ப யாருக்கா?"

செண்பகவல்லி வாய் திறக்குமுன் வண்டி கண்மாய்க் கரை திரும்பியது. ரோட்டோரப் புஞ்சையில் வலை கட்டிய ஆட்டுக்கிடை. உள்ளே அத்தனை ஆடும் நின்றபடி கத்திக்கொண்டிருந்தன. வெயில் ஏறுமுன் திறந்து மேய்ச்சலுக்கு விட வேண்டிய ஆடுகள். மணி மூன்றை நெருங்குகிறது, கிடை திறக்கவில்லை. கொம்புகளில் அடையாளத்துக்குப் பூசிய பச்சைச் சாயம்.

அது ராமசுப்புவின் கிடை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து ஆடுகளைத் திறந்துவிட்டு, பிறகுதான் போய்ப் படுத்தவர். மகள் கல்யாணத்தன்றே விடியுமுன் கிடையைத் திறந்துவிட்டு வந்துதான் பட்டுவேட்டி கட்டினார்.

செண்பகவல்லி கண்டுபிடித்துச் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

"அப்பா" என்றாள் கிருஷ்ணப்ரியா. சத்தமே வரவில்லை. "எங்கப்பா."

"காலையில, விடிஞ்ச நேரம்" என்றாள் செண்பகவல்லி. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "படுத்த வாக்குலயே போயிட்டாவ. திருப்பவாம்மா?"

"திருப்பினா கதவத் திறந்து குதிச்சிருவேன்."

லிங்கராஜ் மிதித்தான்.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. வண்டியிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே வாயடைத்துப் போனார்கள். சித்தி சீனித்தாய்தான் முதலில் எழுந்து ஓடி வந்தாள்.

"ஏட்டி! புள்ளத்தாச்சிய எவ இங்கன கூட்டியாந்தது? உள்ள வராத, நில்லு, நில்லுட்டி!" இரண்டு கையையும் அகல விரித்து மறித்தாள்.

பந்தல் ஓரத்திலிருந்து மாதவன் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை கசங்கி, முழங்கால்வரை கரிசல் அப்பி, கண் வீங்கி. ஆறு மாதமாக அவள் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்த முகம். அவள் அவன் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அதே சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட பேசிட்டு வச்சேன், உடனே அம்மா போன் போடுதா" என்றான் அவன். "'மாமா போயிட்டாவ, நேரா அங்கன போ, பிரியாகிட்ட மூச்சு விடாத'ன்னா. துறைமுக வாசல்லயே உக்காந்துட்டேன். நீ மறுபடி கூப்பிட்டா என் குரலே காட்டிக் கொடுத்துரும், பிரியா. அதான் அணைச்சேன்."

"வீட்டுக்கு வந்திருக்கலாம்லா?"

"துட்டி வீட்டு வாசல மிதிச்சுட்டு மாசமா இருக்கிறவகிட்ட போகக் கூடாதுன்னுட்டாவ. இப்படியே கப்பலுக்குப் போயிருன்னு எல்லாருமாச் சொன்னாவ."

"என்னையப் பாக்காமலே போயிருப்பீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். போயிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேல் உள்ள பாசத்தில்தான் போயிருப்பான் என்பதும் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"இப்பக் கிளம்பினாத்தான் கப்பலப் பிடிக்கலாம்" என்றாள் செண்பகவல்லி பின்னால் இருந்து.

கிருஷ்ணப்ரியா சீனித்தாயின் கையை விலக்கினாள். சீனித்தாய் மறுபடி மறித்தாள். "வயித்துக்கு ஆகாதுட்டி. சொன்னாக் கேளு. பிரசவம் முடியட்டும், உன்கிட்ட எல்லாம் சொல்லுவோம்னுதான் இருந்தோம்."

"பிரசவம் முடிஞ்சா?"

அதற்குள் அம்மா ஆவுடைத்தாய் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. மகளைப் பார்த்ததும் ஒரு கை நிலையைப் பிடித்துக்கொண்டது, மறு கை "வேண்டாம், போ" என்று அசைந்தது.

"அம்மா" என்றாள் கிருஷ்ணப்ரியா. சத்தம் போடவில்லை. பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. "பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் தினம் நான் அப்பாவுக்குப் போன் போடுவேன்லா? யாரும்மா எடுத்துப் பேசியிருப்பா?"

"நான்தான்... 'அப்பா ஆடு பத்திட்டுப் போயிருக்காவ'ன்னு..." என்று ஆரம்பித்தாள். "தினமும் அப்படியே சொல்லிரலாம்னு..." மேலே சொல்ல முடியவில்லை. நிலையை விட்ட கை அப்படியே நீண்டது. "வாட்டி. வந்து பாரு. உங்கப்பாவ வந்து பாரு" என்று மகளின் கையைப் பிடித்துப் பெருங்குரலெடுத்து அழுதாள். சீனித்தாய் விரித்த கைகளை மடக்கிக்கொண்டு ஒதுங்கினாள்.

மாதவன் அவள் பின்னாலேயே வரக் காலெடுத்தான். "நான் போகல, பிரியா. உன்னைய இப்படி விட்டுட்டு எந்தக் கப்பலுக்கும் போகல."

அவள் திரும்பினாள். பார்க்கத் தவித்த முகத்தை ஆசை தீர ஒருமுறை பார்த்தாள். அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை புரண்டது. அவன் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. அவள் அவன் கையை எடுத்துவிட்டாள்.

"போங்க. கப்பல விட்டுராதீங்க. அண்ணாச்சி, மிதிச்சுப் போங்க."

லிங்கராஜ் ஏற்கெனவே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். செண்பகவல்லி மாதவனின் தோளைத் தொட்டு நடத்திக்கொண்டு போனாள். அவன் கதவுக்குள் ஒரு காலை வைத்தவன், திரும்பிப் பார்த்தான்.

"நடுக்கடல்ல சிக்னல் இல்லன்னா பரவாயில்ல" என்றாள் கிருஷ்ணப்ரியா, அம்மாவின் கையைப் பிடித்தபடி. "நீங்களா போன அணைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்க உள்ளே போனாள்.